மொட்டைமாடி சோலார் பேனல் ஊரைச் சூடாக்குமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரையில் சொந்த வீடு. மத்திய அரசின் சூர்ய கர் மானியத் திட்டத்தில் 3 கிலோவாட் பேனல் போடப் போகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு செய்தியைக் காட்டி, "பேனல் போட்டால் ஊரே ஒன்றரை டிகிரி சூடாகுமாம், உங்கள் மாடிச் சூடு முதலில் என் வீட்டுக்குத்தான் வரும்" என்கிறார். அது உண்மையா, போடலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேனல் சூடாகுமா என்பதில் சந்தேகமே வேண்டாம், நன்றாகவே சூடாகும். ஆனால் பேனல் இல்லாவிட்டாலும் அதே வெயில் உங்கள் மாடியில்தானே விழுகிறது? அது இப்போது எங்கே போகிறது, பேனல் வந்த பிறகு எங்கே போகும், எந்த நேரத்தில் போகும் என்று பார்த்தால்தான் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பதில் கிடைக்கும்.

கட்டடத்துக்குள் வெப்பம் வரும் வழிகளைப் பார்ப்பது என் தொழில். மாடிச் சோலாருக்கும் பல வருடமாக ஆலோசனை சொல்லி வருகிறேன். அதனால் உங்கள் தளம், அதன் கீழே உள்ள அறை, பக்கத்து வீடு இவற்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். ஊர் முழுவதன் காற்று எப்படி மாறும் என்பது வானிலைக் கணிப்பு மாடல்களை ஓட்டுகிறவர்களின் துறை. அந்தப் பகுதியை அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தெளிவான நாளில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொண்டுவந்து கொட்டுகிறது. வெயிலும் மழையும் பட்டுப் பழசான சிமென்ட் தளம் அதில் கால்பங்கைத் திருப்பி அனுப்பும். மீதி 750 வாட்டைக் குடித்துவிடும். பேனலின் கண்ணாடி திருப்பி அனுப்புவது இதைவிடக் குறைவு, 70 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அதைச் செய்கிறார்கள். இப்போது வரும் பேனல்கள் சுமார் 200 வாட்டை மின்சாரமாக்கி வெளியே அனுப்பிவிடும். மிச்சம் 730 வாட் வெப்பம். பழைய தளத்தின் 750, பேனலின் 730. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் மாடி சாதாரண சிமென்ட் தளமாக இருந்தால், பேனல் வந்ததால் மொத்த வெப்பம் கூடியது என்று சொல்ல இடமில்லை.

ஆனால் தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்திருந்தால் கதை வேறு. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு 70 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பும். அங்கே தளம் வாங்குவது 300 வாட்தான். அதன் மேல் பேனலைப் போட்டால் அந்த இடத்தில் வெப்பம் இருமடங்குக்கும் மேல் ஆகிவிடும். இன்னொரு பக்கம், தார் ஷீட் ஒட்டிய கறுப்புக் கூரை 900 வாட்டுக்கு மேல் குடிக்கும். அதன் மேல் பேனல் வந்தால் லாபம்தான். செய்தித் தலைப்புகள் ஒரு வருடம் "பேனல் குளிர்விக்கிறது" என்றும் அடுத்த வருடம் "பேனல் சூடாக்குகிறது" என்றும் மாறி மாறி வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். எதற்குப் பதிலாகப் பேனல் வருகிறது என்ற விவரம் தலைப்பில் இருக்காது.

"அந்த 200 வாட் மின்சாரமும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாக மறுபடி வெப்பமாகத்தானே வெளியே வரும்?" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. வரத்தான் செய்யும். ஆனால் பேனல் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முன்பு அதற்கான மின்சாரம் கம்பி வழியாக ஊருக்கு வெளியே இருந்து வந்தது, இப்போது உங்கள் மாடியில் விழும் வெயிலில் இருந்து போகிறது. ஆகவே அந்த 200 வாட்டைக் கணக்கில் கழித்தது சரிதான். நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் தர, ஏறக்குறைய இரண்டு யூனிட் அளவு வெப்பத்தைத் தன் இடத்தில் வீணாக வெளியே விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் அதன் பக்கத்திலேயே வாழ்கிறார்கள்.

அடுத்து நேரம். என்னைக் கேட்டால், மொத்த வெப்பத்தைவிட அது எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடை. அதன் மேல் சுர்க்கி, தட்டோடு எல்லாம் தனி. பேனல் சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோகூட வராது. எடை இருந்தால்தான் வெப்பத்தைச் சேர்த்து வைக்க முடியும். தளம் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை, அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காத தோசைக்கல் மாதிரி, இரவெல்லாம் மெல்ல மெல்ல விடும். ஒரு பங்கு கீழே உங்கள் படுக்கையறைக்கு, மீதி மேலே காற்றுக்கு. பேனலால் எதையும் சேர்த்து வைக்க முடியாது. வாங்கியதை அப்போதைக்கப்போதே, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று இரண்டு பக்கமும் காற்றுக்குக் கொடுத்துவிடும். மதியம் அதன் மேலே போகிற காற்று, தளத்தின் மேலே போகிற காற்றைவிடச் சூடாக இருப்பது அதனால்தான்.

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். ஏற்கெனவே பேனல் போட்ட தெரிந்தவர் வீட்டு மாடிக்குச் சித்திரை வெயிலில் மதியம் ஒன்றரை மணிக்கு ஏறுங்கள். பேனலின் அடிப்பக்கத்தில் கை வைத்தால் உடனே எடுத்துவிடுவீர்கள். காற்று 38 டிகிரி என்றால் பேனல் 65-ஐத் தொட்டிருக்கும். அதே பேனலின் நிழலில், தளத்தில் செருப்பில்லாமல் நிற்கலாம். ஓரடி தள்ளி வெயிலில் கால் வைத்தால் குதிப்பீர்கள். அப்புறம் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஏறுங்கள். பேனல் ஜில்லென்று இருக்கும். பேனல் மூடாத தளம் இன்னும் கதகதப்பாக இருக்கும். மார்கழி விடியற்காலையில் மாடியில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, பேனல் கண்ணாடியில் மட்டும் பனி கோத்து நிற்பதைப் பார்க்கலாம். திறந்த வானத்துக்குத் தன் வெப்பத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போனால்தான் ஒரு பரப்பில் அப்படிப் பனி கோக்கும்.

உங்கள் அறைக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் 2011-இல் வெளிவந்த ஆய்வு அது. பேனலுக்குக் கீழே இருந்த பகுதியின் உட்கூரை, வெயில் நேராகப் பட்ட பகுதியைவிடப் பகலில் 2.5 டிகிரி வரை குறைந்திருந்தது. அந்தக் கூரையால் ஏற்படும் வருடாந்தரக் குளிரூட்டும் தேவை 38 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். இரவில் மட்டும் பேனல் மூடிய பகுதி கொஞ்சம் சூடாகவே இருந்தது, ஏனென்றால் தளம் வானத்தைப் பார்த்துக் குளிர்வதைப் பேனல் மறைக்கிறது. சான் டியேகோ மிதமான ஊர், மதுரை வெயில் அங்கே கிடையாது. அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டிவிடக் கூடாது. ஆனால் தளத்துக்கு நிழல் விழுந்தால் கீழே உள்ள அறைக்குச் சூடு குறையும் என்பதில் எந்த ஊரிலும் மாற்றமில்லை. பேனல் உங்கள் மாடியின் எந்தப் பகுதியை மூடுகிறதோ அந்தப் பகுதிக்குக் கீழே மட்டும்தான் இந்தப் பலன். "பேனல் போட்டால் வீடே ஏசி போட்ட மாதிரி இருக்கும்" என்று விற்பனைக்கு வருகிறவர் சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கு வருகிறேன். 3 கிலோவாட் என்றால் பெரிய பேனல் ஆறு. சுமார் பதினாறு சதுர மீட்டர் பரப்பு. அதிலிருந்து கிளம்பும் சூடான காற்று மேலே ஏறி, வீசும் காற்றோடு சில மீட்டருக்குள் கலந்து கரைந்துவிடும். மாடிக்குக் கீழே இருக்கும் அவருடைய சுவரையோ ஜன்னலையோ அது போய்ச் சேரவே சேராது. இதை நான் தயங்காமல் சொல்வேன். அவர் வீட்டு ஏசியின் வெளி யூனிட் உங்கள் ஜன்னலுக்கு எதிரே இருந்தால், அது விடும் சூடு உங்களுக்குத் தெரியும். உங்கள் பேனல் விடும் சூட்டை அவர் உணரவே மாட்டார்.

இனி அந்த ஒன்றரை டிகிரி. அது கற்பனைச் செய்தி இல்லை. 2024-இல் நேச்சர் சிட்டீஸ் இதழில் வந்த ஆய்வு. கொல்கத்தாவை முதன்மையாக எடுத்துக்கொண்டு, சிட்னி, ஆஸ்டின், ஏதென்ஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். நகரத்தின் கூரைகள் எல்லாவற்றையும் பேனலால் மூடினால் பகலில் காற்றின் வெப்பநிலை 1.5 டிகிரி வரை கூடலாம், இரவில் 0.6 டிகிரி வரை குறையலாம் என்பது அவர்கள் கண்டது. செய்தியில் முதல் பாதி மட்டும் வந்தது. இரவில் குறையும் என்ற இரண்டாம் பாதியும், "எல்லாக் கூரையும் மூடினால்" என்ற நிபந்தனையும் காணாமல் போய்விட்டன. "வரை" என்ற சொல்லும் சேர்ந்தே போய்விட்டது. அந்த எண் அவர்கள் பார்த்ததிலேயே அதிகபட்சம். ஊர் முழுக்க எல்லா நாளும் அவ்வளவு கூடும் என்று அவர்கள் சொல்லவில்லை.

அதே நேரம், அந்த ஆய்வை ஒதுக்கித் தள்ளவும் நான் தயாரில்லை. சோலாரை ஆதரிக்கிற நம்மில் பலர் அப்படிச் செய்கிறோம், அது தப்பு. மேலே சொன்ன இயல்புக்கு அது பொருந்துகிறது: பேனல் பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைக்காமல் உடனே காற்றுக்குக் கொடுக்கிறது, அதனால் பகல் சூடு, தளத்தில் சேமிப்பு குறைகிறது, அதனால் இரவு குளிர்ச்சி. இந்த இயல்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஊர்க்காற்றில் அது எந்தப் பக்கம், எவ்வளவு தெரியும் என்பதில்தான் சந்தேகம். ஏனென்றால் மற்ற ஊர்களுக்குச் செய்த கணக்குகள் வேறு பக்கம் போகின்றன. 2014-இல் வந்த பாரிஸ் ஆய்வு, பேனல்கள் பரவலாக வந்தால் கோடைப் பகலில் 0.2 டிகிரியும் இரவில் 0.3 டிகிரி வரையும் குறையும் என்றது. ஏசி தேவை 12 சதவீதம் குறையும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு மட்டும் 3 சதவீதம் கூடும் என்றும் சேர்த்துச் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸுக்கு 2013-இல் செய்த கணக்கில் கெடுதல் எதுவும் தென்படவில்லை. பேனலின் திறன் உயர உயர 0.2 டிகிரி வரை குளிர்ச்சிகூடக் கிடைக்கும் என்று வந்தது. அமெரிக்கப் பாலைவன நகரங்களான ஃபீனிக்ஸ், டூசான் இரண்டுக்கும் 2016-இல் செய்த ஆய்விலும் காற்று குளிரத்தான் செய்தது.

ஒரே பேனல், ஒரே இயற்பியல், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இவை எல்லாமே கணினிக் கணக்குகள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். கூரை முழுக்கப் பேனல் மூடிய நகரம் உலகில் எங்கும் இல்லை, ஆகவே போய் அளந்து சரிபார்க்க வழியில்லை. கணக்கில் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பழைய கூரை எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று எடுத்துக்கொண்டார்கள்? பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஓடும் காற்றை எப்படிக் கணக்கிட்டார்கள்? ஈரமான கடலோர ஊரா, வறண்ட ஊரா? என் தொழிலில் நான் பார்த்தவரை அந்த இடைவெளிக் காற்றுதான் கணிப்பதற்கு மிகக் கடினமானது. ஸ்டாண்டின் உயரம், பக்கத்து கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அதை மாற்றிவிடும். ஆகவே கொல்கத்தா எண்ணையும் பாரிஸ் எண்ணையும் எதிரெதிராக வைத்து எது பொய் என்று கேட்பதில் பொருளில்லை. உண்மையான ஊர்களில், கூரையின் ஒரு பங்கில் மட்டும் பேனல் இருக்கும்போது, ஊர்க்காற்றில் ஏற்படும் மாற்றம் சிறியது என்று நான் நினைக்கிறேன். இது என் மதிப்பீடு, நிரூபணம் இல்லை.

நடைமுறையில் எவ்வளவு மூட முடியும் என்றும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் ஒரு கோடி வீடு. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அதற்கு மேல் போட்டாலும் அதே தொகைதான், அதனால் பெரும்பாலானோர் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஆறில் ஒரு பங்குதான். மிச்சத்தில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, துணி காயப்போடும் கொடி, வற்றல் போடும் இடம் எல்லாம் இருக்கின்றன.

இன்னொரு செய்தியையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அரிசோனாவில் ஒரு பெரிய சோலார் பண்ணையில் இரவு வெப்பநிலை பக்கத்துக் காட்டுநிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி அதிகமாக இருந்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. இது மாடல் இல்லை, நேரில் அளந்தது, அதனால் மதிக்க வேண்டியது. ஆனால் அங்கே பேனல் வந்தது செடிகொடிகள் இருந்த திறந்த நிலத்துக்குப் பதிலாக. நிலத்தைச் சுத்தமாக வழித்துவிட்டால் செடிகள் நீராவி விட்டுக் குளிர்வித்தது போய்விடும்; இரவில் தரை வானத்துக்கு விடும் வெப்பத்தையும் பேனல் தடுத்து நிறுத்தும். உங்கள் மொட்டைமாடி ஏற்கெனவே கான்கிரீட். அங்கே பேனல் வந்ததால் இழக்கச் செடி எதுவும் இல்லை.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இந்த விஷயத்தில் என்னை உண்மையாகவே வருத்துவது அதுதான். பேனல் மேல் நிழல் விழுகிறது என்று தெருவோர வேம்பையும் புங்கையும் வெட்டச் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, கிட்டத்தட்ட 0.68 யூனிட் வெப்பம் வேண்டும். வேருக்குத் தண்ணீர் கிடைக்கும் ஒரு பெரிய மரம் நாளுக்கு 100 லிட்டர் ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கும் வெப்பம் 68 யூனிட். உங்கள் 3 கிலோவாட் பேனல் நாளுக்குத் தருவது சுமார் 12 யூனிட். தெருவைச் சூடாக்கக் கூடாது என்ற கவலை பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்தால், அவர் பேசவேண்டியது பேனலைப் பற்றி இல்லை. பேனலுக்காக மரம் வெட்டுவதைவிட, இரண்டு பேனல் குறைத்துப் போடுங்கள், அல்லது ஸ்டாண்டை வேறு மூலைக்கு மாற்றுங்கள்.

ஆக, போடலாம், போடுங்கள். ஆனால் பேனல் ஏறுவதற்கு முன்னால் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். பிறகு அடிக்க ஆள் உள்ளே நுழைய முடியாது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது இங்கே உதவும்: கறுப்புக் கூரையின் மேல் வெறுமனே பேனல் போட்டால் ஊர்க்காற்றுக்குப் போகும் மொத்த வெப்பம் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. கூரையை வெள்ளையாக்கி அதன் மேல் பேனல் போட்டால் ஏறக்குறைய பாதியாகிறது. ஃபீனிக்ஸ், டூசான் ஆய்விலும் கோடையில் ஏசிக்கான மின்தேவை வெள்ளைக் கூரையால் 13 முதல் 14 சதவீதமும் பேனலால் 8 முதல் 11 சதவீதமும் குறைந்தது. குளிர்ச்சி மட்டும்தான் நோக்கம் என்றால் வெள்ளைப் பூச்சே சிறந்தது, விலையும் குறைவு. 2023-இல் தெலங்கானா இதற்கென்றே ஒரு கூரைக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் பூச்சு மின்சாரம் தராது. தூசி படிந்து சில வருடத்தில் மங்கியும் விடும். பேனல் மூடாத மிச்சத் தளத்துக்கும் சேர்த்து அடியுங்கள், அங்கேதான் அதற்கு முழு வேலை. இரண்டு பக்கமும் மின்சாரம் எடுக்கும் பைஃபேஷியல் பேனல் வாங்கினால் கீழே உள்ள வெள்ளைத் தரை கொஞ்சம் கூடுதல் யூனிட்டும் தரும்.

அடுத்து இடைவெளி. பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். அடிக்காற்று ஓடினால் பேனல் குளிரும், பேனல் குளிர்ந்தால் மின்சாரம் கூடும். பேனலுக்குள் மின்சாரம் எடுக்கும் செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறைகிறது. 65 டிகிரியில் 14 சதவீதம் போய்விடும். ஆள் நடமாடும் உயரத்துக்கு ஸ்டாண்ட் போட்டால் காற்றும் ஓடும், மாடியும் நிழலோடு உங்களுக்கே மிஞ்சும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று தூக்கும் விசையும் கூடும். கால்களைத் தளத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். போல்ட் துளை போட்ட இடத்தில் நீர்க்கசிவு வந்தால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். மழைச்சாரல் வருகிறதே என்று ஸ்டாண்டின் பக்கங்களைத் தகர ஷீட் வைத்து அடைப்பவர்களைப் பார்க்கிறேன். அடைத்தால் காற்று நின்று, மாடி அடுப்பாகிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது ஒன்றை மட்டும் அவர் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வெயில் சாய்வாக விழும் காலை, மாலை நேரத்தில் பேனல் கண்ணாடியின் பளபளப்பு உயரமான பக்கத்து வீட்டு ஜன்னலில் அடிக்கலாம். அவர் வீடு உங்கள் மாடியைவிட ஒரு தளம் உயரம் என்றால், ஸ்டாண்ட் வெல்டிங் செய்வதற்கு முன்னால் ஒரு பேனலை அதே சாய்வில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் அவர் ஜன்னலில் இருந்து இருவரும் சேர்ந்து பாருங்கள். கண் கூசினால் அந்த வரிசையை ஓரடி நகர்த்தியோ சாய்வைக் கொஞ்சம் குறைத்தோ சரிசெய்துவிடலாம். சூரியன் போகும் பாதை மாதத்துக்கு மாதம் மாறுவதால், ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்கள்.